தோற்ற மறுநிமிடமே கோச்சின் தலையை உருட்டாதீர்கள்

கால்பந்தில் ஒரு ஆட்டம் மோசமாகத் தோற்றால் போதும், கடைசி விசில் ஊதுவதற்குள் 'கோச்சைத் தூக்கு' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஐந்து கோல், ஆறு கோல் வாங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த மனிதர் மைதானத்தை விட்டு உள்ளே போயிருக்கக்கூட மாட்டார், அடுத்த கோச் யார் என்று நாலு பெயர் ஓட ஆரம்பித்துவிடும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

கோல் விழுந்ததும் கேமரா எங்கே போகிறது என்று அடுத்த முறை கவனியுங்கள். பந்தைக் கோட்டைவிட்ட தடுப்பாட்டக்காரர் மேல் இரண்டு நொடி. அப்புறம் நேராகக் கோட்டோரம் நிற்கும் கோச்சின் முகம். தாடை இறுகுவது, கீழே குனிவது, உதவியாளரிடம் ஏதோ முணுமுணுப்பது, எல்லாம் மறுபடி மறுபடி ஓடும். ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்தில் விளம்பரப் பலகை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 'உங்கள் வேலை நிலைக்குமா?' என்று ஒரு சேனல் கேட்கும். அடுத்த சேனலும் அதையேதான் கேட்கும். நிதானமாகப் பதில் சொன்னால் அக்கறை இல்லாதவர். கோபப்பட்டால் பதறிப்போய்விட்டவர். வீரர்கள் சரியாக ஆடவில்லை என்று உண்மையைச் சொன்னால், தன் ஆட்களையே காட்டிக்கொடுத்தவர். அவர் என்னதான் சொல்ல வேண்டும்?

சரி, அந்த அணியைக் கட்டியது யார்? பெரிய கிளப்புகள் பலவற்றில் வீரர்களை வாங்குவதும் விற்பதும் கோச்சின் கையில் இல்லை. அதற்கென்று விளையாட்டு இயக்குநர் இருக்கிறார், ஆள்தேடும் குழு இருக்கிறது, கடைசிக் கையெழுத்து உரிமையாளருடையது. கோச் கேட்டது தடுப்பாட்டக்காரராக இருக்கும், வந்து இறங்குவது முன்கள வீரராக இருக்கும். நன்றாக ஆடிய ஒருவரை நல்ல விலை வந்தது என்று விற்றுவிடுவார்கள். கடைசியில் ஏழு கோல் வாங்கும்போது மட்டும் பொறுப்பு முழுக்கக் கோச்சுக்கு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி! 'கோச் மேல் எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது' என்று அறிக்கை விட்ட அதே நிர்வாகம், அடுத்த தோல்வியில் அவரைக் கழற்றி விட்டுவிட்டு நன்றி சொல்லி இன்னொரு அறிக்கை விடும்.

கோப்பை வாங்கிக் கொடுத்தவர்களுக்காவது மரியாதை உண்டா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கு 2012 மே மாதம் அதன் முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை, அதாவது ஐரோப்பிய கிளப்புகளுக்கான பெரிய கோப்பையை, வாங்கித் தந்தவர் ராபர்ட்டோ டி மட்டேயோ. அதே வருடம் நவம்பரில் இத்தாலியின் யுவென்டஸிடம் 3-0 என்று தோற்றதும் ஆளை அனுப்பிவிட்டார்கள். யாருமே நினைத்துப் பார்க்காத லெஸ்டர் சிட்டியை 2016-ல் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் சாம்பியன் ஆக்கிய கிளாடியோ ரனியேரியை, ஒரு வருடம்கூட ஆகாமல் 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்து காட்ட வேண்டும்?

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அணியின் கதை. 2019 அக்டோபர் 25, சொந்த மைதானம், கொட்டும் மழை. 12-வது நிமிடத்தில் அவர்கள் வீரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. இடைவேளைக்குள் ஐந்து கோல். கடைசியில் லெஸ்டரிடம் 9-0. இங்கிலாந்தின் முதல்நிலை லீக் வரலாற்றில் வெளியூர் அணி ஒன்று பெற்ற ஆகப் பெரிய வெற்றி அது. சவுத்தாம்ப்டன் கோச் ரால்ஃப் ஹாசன்ஹூட்டிலின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். கிளப் அவரை விடவில்லை. வீரர்களும் பயிற்சிக் குழுவும் அந்த நாள் சம்பளத்தைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குத் திரும்பினார்கள். அடுத்த ஜனவரியில் அதே லெஸ்டரை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று வீழ்த்தினார்கள். தரமிறங்கும் இடத்தில், அதாவது கீழ்நிலை லீக்குக்குத் தள்ளப்படும் இடத்தில் கிடந்த அணி 52 புள்ளிகளோடு 11-வது இடத்தில் சீசனை முடித்தது. 2021 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெடிடம் இன்னொரு 9-0, அப்போதும் விடவில்லை, அந்த முறையும் தரமிறங்காமல் தப்பித்தார்கள். 2022 நவம்பரில்தான் பொறுமை இழந்து அவரை நீக்கினார்கள். அதே சீசனில் அடுத்து இன்னொருவர், அவரும் சில மாதங்களில் போய் மூன்றாவதாக ஒருவர். கடைசி இடத்தில் முடித்துத் தரமிறங்கினார்கள். ஹாசன்ஹூட்டில் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஆளை மாற்றி மாற்றி என்ன கிடைத்தது?

இதற்கு மறுப்பாக எல்லோரும் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கைக் காட்டுவார்கள். 2019-ல் ஃபிராங்ஃபர்ட்டிடம் 5-1 என்று தோற்றதும் கோச் நிகோ கோவாச் போனார், ஹான்சி ஃபிளிக் வந்தார், அதே சீசனில் மூன்று பெரிய கோப்பைகள். உண்மைதான். ஆனால் லெவன்டாவ்ஸ்கி, நொயர், முல்லர் போன்ற நட்சத்திரங்கள் ஆடிய அந்த அணி மாதிரி எத்தனை கிளப்பிடம் இருக்கிறது? நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை வைத்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல் ஆராய்ந்தார். கோச்சை மாற்றிய அணிகள் கொஞ்சம் தேறின. அதே அளவு சரிவில் இருந்தும் கோச்சை மாற்றாத அணிகளும் அதேபோலத் தேறின. பிறகு எதற்கு இந்த வெறி?

'கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறாரே, திட்டு வாங்கட்டும்' என்பவர்களைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. ஆட்டத்தை விமர்சியுங்கள். அவர் செய்த மாற்றங்களை, வகுத்த வியூகத்தைக் கிழித்துத் தொங்கவிடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். வீட்டில் இருக்கும் பிள்ளைகளை இழுத்துத் திட்டுவது எந்தச் சம்பளத்தில் சேர்த்தி?

2021 ஆகஸ்டில் லண்டனின் ஆர்சனல் அணி பிரீமியர் லீக்கின் முதல் மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடாமல், மான்செஸ்டர் சிட்டியிடம் 5-0 வாங்கிக் கடைசி இடத்தில் கிடந்தது. அன்றைக்கு கோச் மிகேல் ஆர்டேட்டாவை விரட்டச் சொன்னவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. அடுத்த சீசனிலேயே அந்த அணி லீக்கில் இரண்டாம் இடம்.

இனி ஐந்து கோலில் தோற்கும் நாளில் கோச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுங்கள். வீரர்களை வாங்கிய இயக்குநர் அதில் வந்து உட்காரட்டும். முதல் கேள்வி அவருக்குப் போகட்டும்.