1505ஐக் கில்வாவிலிருந்து படிக்க வேண்டும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எந்தப் பிள்ளையிடமும் அல்மெய்டா யார் என்று கேளுங்கள். 1505இல் வந்த முதல் போர்ச்சுக்கீசிய ஆளுநர், கடலாதிக்கமே முதன்மை என்ற நீல நீர்க் கொள்கை என்று உடனே பதில் வரும். அதே 1505இல், இந்தியா வந்து சேரும் முன்பே, அவருடைய கப்பற்படை ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் கில்வாவைச் சூறையாடியது, மொம்பாசாவைத் தீக்கிரையாக்கியது. வரலாற்றில் இளங்கலையும் முதுகலையும் முடித்தவன் நான். இந்த இரண்டு ஊர்களின் பெயரையும் ஒரு வகுப்பில்கூடக் கேட்டதில்லை. இன்றுவரை எனக்கு இது ஆறாத கோபம்.

கில்வா இன்றைய தான்சானியாவின் தென்கரையை ஒட்டிய சிறு தீவு. 1331இல் அங்கே இறங்கிய மொராக்கோப் பயணி இபின் பதூதா, அழகான, நேர்த்தியாகக் கட்டப்பட்ட நகரம் என்று புகழ்ந்தார். பவளக்கல்லால் எழுப்பிய பெரிய பள்ளிவாசலும் அரண்மனையும் அங்கே இருந்தன. சுல்தான்கள் தங்கள் பெயரில் செப்புக்காசு அடித்தார்கள். தெற்கே சோஃபாலாத் துறைமுகத்திலிருந்து தங்கம் வந்தது. கடல் வழியே சீனப் பீங்கானும் இந்தியத் துணியும் வந்தன. கில்வாக் காசு ஒன்று உள்நாட்டில் வெகுதூரத்தில், கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய நகரின் கல் மதில்களுக்கிடையே கிடைத்திருக்கிறது. அந்த மதில்களை ஆப்பிரிக்கர் கட்டியிருக்கவே முடியாது என்று குடியேறிய வெள்ளையர்கள் சாதித்தார்கள். 1905இலும் 1929இலும் நடந்த அகழாய்வுகள் அதைப் பொய்யாக்கிய பிறகும் விடவில்லை.

இப்படிப்பட்ட ஊரை நம் பாடத்திட்டத்தில் எந்தத் தாளில் வைப்பது? மக்கள் ஆப்பிரிக்கர், மார்க்கம் இஸ்லாம், வணிகம் ஆசியாவோடு. நான் படித்த பாடத்திட்டத்திலோ ஆப்பிரிக்கா, ஐரோப்பியர் அதைப் பங்கிட்டுக்கொள்ளக் கூடிய 1884இன் பெர்லின் மாநாட்டில்தான் பிறந்தது. இஸ்லாம் என்றால் டெல்லி சுல்தான்கள். ஆசியா என்றால் சீனாவும் ஜப்பானும் கையெழுத்திட்ட உடன்படிக்கைகள். ஐரோப்பியக் கப்பல் வந்து நின்ற பிறகே ஒரு துறைமுகத்துக்கு வரலாறு தொடங்குகிறது. ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு, மற்றதெல்லாம் இருள் என்று 1963இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டிரெவர்-ரோப்பர் சொன்னார். அவரை மறுத்துப் பேசும் நாமும் அவர் போட்ட பாதையில்தான் பாடம் நடத்துகிறோம்.

எழுத்துச் சான்று குறைவு என்பார்கள். கில்வாவுக்கு அதன் வரலாற்றைச் சொல்லும் நாளாகமமே அரபு மொழியில் இருக்கிறது. அது இல்லாத இடங்களில் வாய்மொழி மரபை ஆவணங்களோடு ஒப்பிட்டு வரலாறு எழுதலாம் என்று நைஜீரியாவின் கென்னத் டிக்கே 1956இலேயே நைஜர் கழிமுகம் பற்றிய நூலில் காட்டிவிட்டார். பாட்டையும் பானையோட்டையும் யவனர் குறிப்பையும் சேர்த்துச் சங்ககால வரலாறு எழுதும் நமக்கு இந்த முறை அந்நியமா என்ன?

மதுரை சுல்தான் கியாத்துதீனின் கொடுமைகளுக்கும் கொள்ளைநோய்க்கும் இபின் பதூதாவை மேற்கோள் காட்டுகிறோம். அந்த ஒரு பகுதியோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். அதே பயணநூலில்தான் கில்வா இருக்கிறது, 1352இல் அவர் சஹாராவைக் கடந்து போய்ச் சேர்ந்த மாலிப் பேரரசும் இருக்கிறது.

பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அடுத்த திருத்தத்தில் இந்தியப் பெருங்கடல் வரலாற்றை விருப்பப் பாடமாக ஒதுக்காமல் கட்டாயத் தாளாக வையுங்கள். இபின் பதூதாவின் கில்வா, மதுரை, மாலிப் பகுதிகளைத் தமிழில் மூலப் பாடமாகக் கொடுங்கள். அல்மெய்டா பற்றிய கேள்வி வினாத்தாளில் அப்படியே இருக்கட்டும். வரும் வழியில் அவர் என்ன செய்தார் என்பதற்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள்.