21 நாள் கட்டில் முட்டி ஜவ்வு சேருமா?

வேலூர், காட்பாடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. முட்டி ஜவ்வு கிழிந்த பள்ளிக் கால்பந்து வீரன் ஒருவன் மூலிகைக் கட்டு போட்டு 21 நாளில் மைதானத்தில் இறங்கிவிட்டானாம். ஆபரேஷன், பிசியோ எல்லாம் காசு பிடுங்கும் வேலையாம். நம்பாதீர்கள்.

21 நாளில் வீக்கம் வற்றும், வலி குறையும், பையன் நன்றாகவே நடப்பான். ஏமாற்றுவது அதுதான். உடைந்த எலும்பை அசையாமல் கட்டிவைத்தால் கூடும். முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு முழுதாக அறுந்தால் பெரும்பாலும் அப்படிச் சேராது. நேராக ஓடும்போது குறை தெரியாது. பந்தோடு சட்டென்று திரும்பினால் முட்டி நழுவும். அப்படி நழுவ நழுவ, உள்ளே மெத்தை போலிருக்கும் மெனிஸ்கஸும் கிழியலாம். நல்ல ஆட்டக்காரன் பலர் ஓய்ந்துபோவது, அவசரப்பட்டு இறங்கி வாங்கும் இந்த இரண்டாவது அடியில்தான்.

பிரேசில் கால்பந்து நட்சத்திரம் நெய்மாருக்கு 2023 அக்டோபரில் உருகுவேயுடனான ஆட்டத்தில் இதே ஜவ்வு கிழிந்தது. மீண்டும் ஆடியது 2024 அக்டோபரில். அவரிடம் இல்லாத காசா, வைத்தியமா?

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டும் என்பதில்லை. தொடைத் தசையைப் பலப்படுத்தியே சமாளிப்பவர்களும் உண்டு. ஆபரேஷன் செய்துகொண்டால், மைதானத்தில் இறங்கக் குறைந்தது 9 மாதமாவது பொறுக்க வேண்டும், இரண்டு கால் பலமும் கிட்டத்தட்ட சமமாக வேண்டும். அடிபட்டபோது ‘டப்’ என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால், கட்டு போடும் முன் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.