கன்னத்தில் பஞ்சைத் தேய்த்தால் தானம் ஆகிவிடாது

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். சென்னை ஓஎம்ஆர் கல்லூரியில் நடந்த ஸ்டெம் செல் முகாம், அந்த ரீல், அதற்குக் கீழே நான் போட்ட ஒரு வரி. தெரியாதவர்களுக்கு: ஸ்டெம் செல் என்பது ரத்தத்தை உருவாக்கும் செல். ரத்தப் புற்றுநோய் மாதிரி நோய் வந்தவர்களுக்கு அதைக் கொடுக்க முன்வருபவர்களின் கன்னத்தில் பஞ்சைத் தேய்த்து, திசு வகையைப் பார்த்து, பதிவகம் என்கிற பட்டியலில் சேர்ப்பார்கள். ஒரு நோயாளியோடு அந்த வகை பொருந்தினால் அப்புறம்தான் கூப்பிடுவார்கள். "கூப்பிடும்போது இதில் எத்தனை பேர் வருவார்கள்?" இவ்வளவுதான் கேட்டேன். "பூமர் ஆன்ட்டி", "நல்லது நடந்தாலே சிலருக்கு வயிறு எரியும்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சரி, எரிகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த ரீலை இன்னொரு முறை பாருங்கள். டிஜே பாட்டு, ஆளுக்கொரு டீ-ஷர்ட், வகுப்புக்குப் போகாமலே 'ஓடி' என்று வருகைப்பதிவு. ஒரு பையன் பஞ்சுக்குச்சியைக் கன்னத்துக்குள் தேய்த்துக்கொண்டே கேமராவுக்கு விரல் காட்டுகிறான். படிவத்தைப் படித்தவர் என்று ஒருவரும் தெரியவில்லை. கீழே "உயிர்களைக் காப்பாற்றினோம்" என்று எழுத்து ஓடுகிறது. யாருடைய உயிரைப்பா? இப்போதைக்குக் கொடுத்தது எச்சில்தானே?

பதிவு செய்யாமல் இருப்பது தப்பே இல்லை. பதிவு செய்துவிட்டு, பொருத்தம் வந்து கூப்பிடும்போது நம்பரை பிளாக் செய்வதுதான் தப்பு.

பழைய நண்பர்களுக்குத் தெரியும், என் அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே முழுப் பொருத்தத்துக்கு நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. இருந்த ஒரே தங்கைக்குச் சேரவில்லை. அப்புறம் பதிவகத்தில் தேடி ஒருவர் கிடைத்தார். யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் சொல்ல மாட்டார்கள். அக்கா அன்றைக்கே வடபழனி கோயிலுக்கு ஓடினாள். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார் குருக்கள். இவளுக்கு என்ன தெரியும்? "சாமி பேருக்கே பண்ணிடுங்க, அந்தப் புள்ள நல்லா இருக்கணும்" என்றாள். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து போன்: "டோனர் விலகிட்டாங்கம்மா." காரணமும் சொல்லவில்லை. கடைசியில் மாமாதான் பாதிப் பொருத்தத்தோடு கொடுத்தார். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அதனால்தான் இவ்வளவு நிதானமாக எழுதுகிறேன்.

"விலகுவது அவரவர் உரிமை." உரிமைதான். எந்தக் கட்டத்திலும் விலகலாம் என்பதுதான் விதி. ஆனால் மாற்று செல் ஏற்றுவதற்கு முன்னால் கீமோ கொடுத்து நோயாளியின் மஜ்ஜையை, அதாவது எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தை, அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் உரிமையைப் பயன்படுத்தினால் அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கு என்ன ஆகும் என்று டிஜே பாட்டுக்கு நடுவில் யாராவது சொன்னார்களா?

"முதுகெலும்பில் ஊசி குத்துவாங்களாமே?" எந்த வாட்ஸ்அப் மாமா கிளப்பிவிட்டாரோ! முதுகெலும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிலருக்கு இடுப்பெலும்பிலிருந்து மயக்கம் கொடுத்து எடுப்பார்கள். பெரும்பாலும் அதுவும் இல்லை. பெரம்பூரில் என் தோழி ஒருத்தி கொடுத்தாள். ஸ்டெம் செல் ரத்தத்துக்குள் வருவதற்காக ஐந்து நாள் ஊசி. ஜுரம் வருகிற மாதிரி உடம்பு வலி, எலும்பெல்லாம் குடைச்சல், பாராசிட்டமால். அப்புறம் நாலு மணி நேரத்துக்கு மேல் படுத்திருந்தாள். ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதி மறு கை வழியாகத் திரும்பி வருகிறது. அவளுடைய ஒரே புகார், மூக்கு அரித்தால் சொறிய கை இல்லை என்பதுதான்.

"நீங்க பதிவு பண்ணியாச்சா?" கேட்பீர்கள் என்று தெரியும். சேருவதற்கான வயதைத் தாண்டிவிட்டேன். பூமர் ஆன்ட்டி, மறந்துவிட்டீர்களா?

லண்டனில் 1974இல் தன் மகனுக்காக ஒரு அம்மா தொடங்கியதுதான் ஆன்டனி நோலன் பதிவகம். பொருத்தம் கிடைக்காமலே 1979இல் அந்தப் பையன் போய்விட்டான். இன்று உலகம் முழுக்க 4 கோடிக்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 140 கோடி பேர் இருக்கும் நம் நாட்டில் சில லட்சங்கள்தான். அதனால் முகாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னதாக ஸ்க்ரீன்ஷாட் போட்டவருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்பதே சந்தேகம்.

பையன்களையும் பெண்களையும் மட்டும் வரிசையில் நிறுத்தாதீர்கள், வீட்டையும் கூப்பிடுங்கள் என்கிறேன். ஏனென்றால் கடைசி நேரத்தில் கையைப் பிடித்து இழுப்பது வீடுதான். அதுவும் பெண் பிள்ளை என்றால் "நாளைக்குக் கல்யாணம் ஆகணும், குழந்தை பொறக்கணும்" என்று சித்தியிலிருந்து பக்கத்து வீடு வரை எல்லோரும் டாக்டர் ஆகிவிடுவார்கள். குழந்தை பெறுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எடுத்த செல் கொஞ்ச வாரங்களில் தானாக ஊறிவிடும்.

கல்யாணம் என்றதும் இன்னொன்று. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் இந்தப் பொருத்தமும் பெரும்பாலும் அதே கூட்டத்துக்குள்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் மாநாட்டுக்கு பஸ் பஸ்ஸாக ஆள் ஏற்றும் சாதிச் சங்கங்கள்தானே முதல் வரிசையில் நிற்க வேண்டும்? "நம்ம ரத்தம், நம்ம ரத்தம்" என்று மைக் பிடிப்பவர்கள் அதில் கொஞ்சம் கொடுக்கலாமே. ஒருவரையும் காணோம். வரன் பார்க்க மட்டும்தான் ரத்தம் போலிருக்கிறது.

இதற்கும் திட்டுவீர்கள், திட்டுங்கள். ஆனால் தயவுசெய்து அந்தக் கல்லூரியை மட்டும் டேக் செய்யாதீர்கள். என் சித்தப்பா பேத்தி அங்கேதான் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.