அந்த 5 கோடி எம்.பி. கைக்கு வருவதில்லை

"வருஷத்துக்கு 5 கோடி எம்.பி. கணக்குக்கு வருது, அதைத்தான் தேர்தலில் இறக்கினார்" என்று மேலே நண்பர் எழுதியிருப்பது தவறு. அது தொகுதி மேம்பாட்டு நிதி. நம் வடசென்னை எம்.பி. கலாநிதி வீராசாமி ஆனாலும் சரி, வேறு யாரானாலும் சரி, வேலையைப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். மதிப்பீடு பார்த்து, ஒப்புதல் கொடுத்து, வேலையை முடிக்க வைப்பது மாவட்ட நிர்வாகம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை நிழற்குடையில் அந்த நிதியின் பெயர் பெயிண்டில் எழுதியிருக்கும், போய்ப் பாருங்கள்.

தேர்தல் செலவு வேறு. 2022 முதல் தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளருக்கு உச்சவரம்பு 95 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுத்தாக வேண்டும். ஆனால் கட்சி செய்யும் பொதுப் பிரசாரச் செலவுக்கு வரம்பே கிடையாது. அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.