கை ஒன்றுதான் அத்தான், ஒத்துக்கொள்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில், பால் ஊற்றுகிறவர் போணியைக் கையில் வாங்கிக்கொண்டே “என்ன அண்ணாச்சி, அறுபத்து மூவரும் சௌக்கியமா?” என்று கேட்டார். சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். இனி எழுதாமல் இருந்தால் எனக்குத்தான் வயிற்று வலி வரும்.

நடந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் பார்த்தாயிற்று, சிலர் மூன்று முறை பார்த்திருக்கிறீர்கள், சிரிப்புப் பொம்மை போட்டவர்களின் பெயரெல்லாம் என்னிடம் இருக்கிறது. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சொதிப் பந்தியில் பேனாப் பெட்டியைத் திறந்து வைத்தது என் தப்பு. மாப்பிள்ளை வீட்டில் ஒருவருக்கும் பேனா சேர்க்கிற இந்தப் பழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டு அவரிடம் காட்டத்தான் கொண்டுபோனேன். அத்தான் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, 63 என்று முடித்துவிட்டு, “ஏ மாப்ளே, ஒனக்குக் கை எத்தன?” என்று கேட்டது, அப்புறம் நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் வரிசையாக நிற்கிற நாயன்மார்களை இழுத்தது, அதை மருமகன் படம் பிடித்தது, எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

கை ஒன்றுதான். எழுதுகிற கை ஒன்றுதான். ஆனால் பேனா என் சம்பளத்தில் வாங்கியது. யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை, வட்டிக்கு வாங்கவில்லை, யார் வீட்டு நகையையும் அடகு வைக்கவில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எத்தனை கை என்று பேனாக்காரனை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? அத்தான் வீட்டு மச்சில் பித்தளைப் பானையும் குத்துப்போணியும் செம்பு அண்டாவும் ஏணி வைத்து ஏறினாலும் எட்டாத உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன. எத்தனை பேருக்குப் பொங்குகிறீர்கள் என்று யாராவது கேட்டோமா? அது சீர், அது குடும்பச் சொத்து. அக்காவின் பீரோவில் ஒரே ஒரு தடவை உடுத்திய பட்டு எத்தனை என்று நான் எண்ணி வீடியோ போட்டால் என்ன ஆகும்? அக்காவைச் சொல்லவில்லை, அக்கா பாவம், ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அத்தானே வருஷத்துக்கு ஒரு கைப்பேசி மாற்றுகிறார். பழையதெல்லாம் மேசை இழுப்பறையில் செத்துக் கிடக்கிறது. என் பேனா எதுவும் சாகாது. பத்து வருஷம் கழித்துக் கழுவி மை ஊற்றினாலும் எழுதும். கைப்பேசி மாற்றுகிறவனுக்கு வசதியானவன் என்று பெயர். பேனா வாங்குகிறவனுக்குக் கோட்டி என்று பெயர். நல்ல நியாயம்.

இப்போது ஒருவர் வந்து, பத்து ரூபாய் ஜெல் பேனா எழுதாதா என்பார். எழுதும். நன்றாகவே எழுதும். தீர்ந்ததும் குப்பையில் போடுவீர்கள், மாதத்துக்கு ரெண்டு, வருஷத்துக்கு இருபத்துநாலு, அவ்வளவும் பிளாஸ்டிக். நான் போடுவதில்லை. (எனக்கு வரும் பார்சலில் சுற்றி வருகிற பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் கேட்க வேண்டாம்.) அது போக, பந்துமுனைப் பேனாவை அழுத்த வேண்டும், அழுத்தினால்தான் உள்ளே குண்டு உருளும். மைப் பேனாவுக்கு அழுத்தமே வேண்டாம். நிப்பின் நடுவே இருக்கிற கீற்றில் மை தானாக இறங்குகிறது, அது இறங்க இறங்க நிப்புக்கு அடியில் இருக்கிற கட்டை வழியாகக் காற்று உள்ளே ஏறுகிறது. மை இறங்குவதையும் காற்று ஏறுவதையும் ஒழுங்காகக் கட்டி மேய்க்கிற வழிக்கு வாட்டர்மேன் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது 1884இல். இன்றைக்கும் அடிப்படை அதேதான். பேட்டரி கிடையாது, சார்ஜ் கிடையாது, பேனாவின் சொந்த எடையே போதும்.

இதைச் சொன்னால் புரியாது என்பதற்குச் சாட்சி ஒன்று உண்டு. ஒரு வங்கியில் பணம் கட்டும் சீட்டு நிரப்ப ஒரு பெரியவர் பேனா கேட்டார். நம்ம ஊரில் பேனா இல்லை என்று சொல்ல வாய் வருமா? சட்டைப் பையில் அது துருத்திக்கொண்டு நிற்கிறது. மூடியை என்னிடமே வைத்துக்கொண்டு கொடுத்தேன், அது நாங்களெல்லாம் கற்றுக்கொண்ட தந்திரம், மூடியில்லாமல் யாரும் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு போகமாட்டார்கள். பெரியவர் நிப்பைத் தலைகீழாகப் பிடித்து, வரவில்லை என்று கார்பன் காகிதத்துக்கு அழுத்துகிற மாதிரி அழுத்தினார். நிப்பின் ரெண்டு காலும் கோழிக்குஞ்சு வாயைத் திறந்த மாதிரி விரிந்துவிட்டது. “சரியில்லாத பேனால்லா வச்சிருக்கீரு” என்று திருப்பிக் கொடுத்தார். நானும் சரிங்கய்யா என்று வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி சாப்பிடவில்லை. யாருக்கும் காரணம் சொல்லவில்லை, சொன்னால் அதுவும் வீடியோவாகும்.

பாளையங்கோட்டையில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மை தீர்ந்துவிட்டால் பக்கத்துப் பையன் பெஞ்சு மேல் நாலு சொட்டு உதறுவான், நிப்பை அதில் வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். கசிந்தால் தலைமுடியில் துடைத்துக்கொள்வோம். எழுதாத நிப்பைச் சிமெண்டுத் தரையில் தேய்ப்போம், கீற்றைப் பிளேடால் கீறுவோம், பாதி நிப்புக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. தங்க நிற மூடி போட்ட ஹீரோ பேனா வைத்திருந்தவன் வகுப்பில் ஒருவன்தான். அவனுடைய மாமா கொண்டுவந்து கொடுத்தது. 1941இல் கடைக்கு வந்த பார்க்கர் 51 என்ற அமெரிக்கப் பேனாவைப் பார்த்துச் சீனாவில் செய்தது அது என்று எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அவன் அதை என்னைத் தொடவிடவில்லை என்பதுதான். என் பெட்டியில் ஹீரோ இப்போது ஏழு இருக்கிறது. ஏழும் ஒரே மாதிரி. ஏன் ஏழு என்று கேட்காதீர்கள்.

அந்த ஆசை எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நோய் நோய் என்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ராத்திரி பதினொரு மணி. வீட்டில் எல்லாரும் தூங்கியாச்சு. ஒரு நிப்பின் படம் கண்ணில் படும். இது நம்மிடம் இருப்பதுதானே என்று தோன்றும். இல்லை, நம்மிடம் இருப்பது மெல்லிசு முனை, இது கொஞ்சம் தடிப்பு என்று இன்னொரு குரல் சொல்லும். பிளாட்டினம் கம்பெனி ஃபூஜி மலையின் உயரத்தைப் பேனாவுக்கே பெயராக வைத்திருக்கிறான், 3776. மோன்பிளாங்க் கம்பெனி நிப்பில் 4810 என்று, தன் பெயருள்ள மலையின் உயரத்தைப் பொறிக்கிறான். (நம்ம பொதிகை 1,868 மீட்டர். யாராவது அப்படி ஒரு பேனா போட்டால் முதல் ஆள் நான்தான்.) இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, வேண்டாம் என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் எடுத்து, பன்னிரண்டரைக்குப் பணம் கட்டிவிட்டுப் படுத்தால் அப்படி ஒரு தூக்கம் வரும். பார்சல் வந்து பிரித்து, கழுவி, முதல் தடவை மை ஊற்றி, ‘திருநெல்வேலி’ என்று எழுதிப் பார்ப்பேன், எப்போதும் அதுதான், அந்த ‘ல்’லும் ‘லி’யும் சுழிக்கிற இடத்தில் நிப்பின் யோக்கியதை தெரிந்துவிடும். மூன்று நாள் சொர்க்கம். நாலாம் நாள் பெட்டிக்குப் போகும். இது நோயா? நோய் என்றால் விட முடியாது. நான் நினைத்தால் விட்டுவிடுவேன். போன வருஷம் புரட்டாசி முழுக்க ஒன்றுகூட வாங்கவில்லை.

வெளிநாட்டுப் பேனா மோகம் என்று வீடியோவுக்கு அடியில் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்காகச் சொல்கிறேன், என் பெட்டியில் பாதி நம்ம நாட்டுக்காரன் கடைசல் பிடித்துச் செய்தவை. திருவள்ளூரில் கையால் கடைகிற எபோனைட் பேனா இருக்கிறது, ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சுட்டு இறுக்கியது, உள்ளங்கைச் சூடு அதில் ஏறி நிற்கும். ராஜமுந்திரி ரத்னம் பேனா இருக்கிறது. அந்தப் பேனாவில் எழுதிப் பார்த்துவிட்டு, கடைவீதியில் கிடைக்கிற வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று காந்தி 1935இல் பதில் எழுதினார். காந்தியே எழுதினார். இதை நான் பந்தியில் சொன்னபோது அத்தான் என்ன சொன்னார் என்பது வீடியோவில் வெட்டப்பட்டிருக்கிறது. “காந்தி ஒண்ணு வச்சிருந்தாரா, அறுபத்து மூணு வச்சிருந்தாரா?” என்றார். இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சரி, இதை வைத்து என்ன எழுதுகிறாய் என்பது அடுத்த கேள்வி. ஆபீசில் எல்லாம் கணினி. வருகைப் பதிவேட்டில் காலையில் ஒரு கையெழுத்து. அப்புறம் பால் கணக்கு, மளிகைச் சீட்டு. பதினாலு காரட் தங்க நிப்பில் ‘துவரம்பருப்பு 1 கிலோ, கடுகு 100’ என்று எழுதுகிறேன். ஆமாம், எழுதுகிறேன். துவரம்பருப்பு என்றால் அழகாக எழுதக் கூடாதா? கவிதை எழுதுகிறவன்தான் நல்ல பேனா வைத்துக்கொள்ள வேண்டுமா? மளிகைக் கடை அண்ணாச்சி ஒருநாள் அந்தச் சீட்டைப் பார்த்து, “பத்திர ஆபீஸ் எழுத்துல்லா இது” என்றார். அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் சொன்னார்.

வீட்டுக்காரியிடம் விலையைப் பாதியாகச் சொல்கிறேன் என்று மருமகன் எழுதியிருந்தான். அவளுக்கு அது தெரியும். நான் பாதி சொல்வேன் என்று தெரிந்து அவள் இரண்டால் பெருக்கிக்கொள்கிறாள். எங்களுக்குள் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட இந்தத் தடவை ஒரு மாதம் தள்ளிப்போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடுத்தது.

மொய் நோட்டு. அதையும் பேசிவிடுவோம், அத்தானுக்கு உண்மையில் கோபம் அதில்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்தன்று மொய் எழுத உட்கார்ந்தது நான். 412 பேர். காலை ஆறரையிலிருந்து ஒரே இருப்பில், கை வலி இல்லாமல், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். எல்லாரும் எழுத்து முத்து மாதிரி இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். பன்னீர்ச் செம்பை வைத்துக்கொண்டு நின்ற பொடியன் வருகிறவர்கள் மேல் தெளிக்காமல் நோட்டின் மேல் தெளித்ததற்கு நான் என்ன செய்வேன்? ரெண்டு பக்கம். ரெண்டே பக்கம். நீல மை, கழுவினால் போகிற சாதி, அது தண்ணீரைக் கண்டால் கரையத்தான் செய்யும். நாற்பத்துச் சொச்சம் பேர் எவ்வளவு எழுதினார்கள் என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பது என்று அத்தான் கேட்டால், அது நியாயமான கேள்விதான், அதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். மறுவீட்டுப் பந்தியில், சம்பந்தி வீட்டார் இலையில் சொதியும் இஞ்சிப் பச்சடியும் விழுகிற நேரத்தில் என் பேனாக்களை எண்ணியிருக்க வேண்டாம்.

அப்பாவையும் இழுத்திருக்க வேண்டாம். “ஒங்கப்பா ஒத்தப் பேனால ஊர்ச் சொத்தப் பூரா எழுதுனாரு, கெணத்துல விழுந்தாலும் அழியாது” என்றார். அது உண்மை. அப்பா பத்திரம் எழுதியவர். கறுப்புப் பேனா ஒன்று, ஃபில்லரால் மை ஊற்றுவது, நீலக் கறுப்பு மைதான், வேறு மையைத் தொடமாட்டார். அது எழுதும்போது வெளிறலாக இருக்கும், காற்றுப் பட்டுப் பட்டுக் கறுத்துத் தாளோடு பிடித்துக்கொள்ளும், அதில் இரும்புச் சத்து உண்டு. செக்குபந்தி எழுதும்போது நாலு எல்லையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். கணினி வந்தபிறகு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பேனா இப்போது அம்மாவின் மாத்திரை டப்பாவில் கிடக்கிறது. நான் ஒரு தடவை கேட்டேன். “ஒனக்குத்தான் அம்புட்டு இருக்கே” என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. 63இல் அது இல்லை.

வீடியோவில் பால்காரர் கவனிக்காத ஒன்று உண்டு, நீங்களும் கவனித்திருக்கமாட்டீர்கள். அத்தான் அறுபத்து மூவர் என்றதும் படம் ஒரு பக்கம் ஆடும், அங்கே தூண் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருப்பாள். வாயைச் சேலையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் அந்த இடத்தை மூன்று முறை பார்த்தேன். சந்தோஷப்படுவதா என்னவென்று தெரியவில்லை. மற்றவர்கள் சிரித்ததை விட அதுதான் இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறது.

போகட்டும். அறுபத்து மூவர் என்ற பெயர் இனிச் செல்லாது என்பதை மட்டும் எல்லாருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே இன்னொரு பேனாவுக்குச் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வருகிறது, வீட்டுக்கு வராது, முக்கு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். 64க்கும் அத்தான் ஏதாவது வைத்திருப்பார், ஆய கலைகள் என்பார். சொல்லட்டும். கூடவே ஒரு புட்டி நீலக் கறுப்பு மையும் வருகிறது, இரும்புச் சத்து உள்ளது. கரைந்த ரெண்டு பக்கத்தையும் நானே புதிதாக எழுதித் தருகிறேன் அத்தான். நீங்கள் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.