முத்துராஜாவைக் கூட்டிப்போன அமைச்சரின் கட்சி

முத்துராஜாவை ஞாபகம் இருக்கிறதா? 2023 ஜூலை 2ஆம் தேதி கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து இரும்புக் கூண்டோடு ரஷ்ய விமானத்தில் ஏற்றி அனுப்பினார்களே, அந்த நாலு டன் யானை. 2001இல் தாய்லாந்து இலங்கைக்குப் பரிசாகக் கொடுத்தது. அளுத்கம கந்தே விகாரையில் வளர்ந்தது. சரியாகப் பராமரிக்கவில்லை என்று விலங்கு நல ஆர்வலர்கள் புகார் எழுப்ப, தாய்லாந்தே திரும்ப அழைத்துக்கொண்டது. அங்கே அதன் பெயர் சக் சுரின்.

அன்றைக்கு எல்லாரும் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அமைச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் (என் புத்தி அப்படி). தாய்லாந்துத் தரப்பில் இந்த வேலையை முன்னின்று நடத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பெயர் வராவுத் சில்ப-ஆச்சா. 500 பேர் கொண்ட அவையில் அவருடைய கட்சிக்கு அப்போது 10 இடம். யார் இவர் என்று தேடப் போனவன் அந்தக் கட்சியின் கதைக்குள் விழுந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. அதைத்தான் இங்கே கொட்டப்போகிறேன். நீளமான பதிவு, பொறுத்தருள்க.

கட்சியின் பெயர் சாத் தாய் பத்தனா. பழைய பெயர் வெறும் சாத் தாய். இந்த 'சாத்' நம் 'சாதி'தான். ஆனால் அங்கே அதற்கு தேசம் என்று பொருள். 'பத்தனா' பாலி மொழி வழியாக வந்த 'வர்தன', அதாவது வளர்ச்சி. கட்சி என்பதற்கே அவர்கள் சொல்வது 'பக்'. அது 'வர்க்கம்' தேய்ந்து போன உருவம். வராவுத்தின் அக்கா பெயர் காஞ்சனா, அவரும் இந்தக் கட்சிக்குத் தலைவராக இருந்தவர். குடும்பப் பெயர் இன்னும் சுவாரசியம். 'ஆச்சா' என்றால் குதிரை. இவர்கள் சீன வம்சாவளி, குலப்பெயர் 'மா'. சீனத்தில் அதற்கும் குதிரை என்றுதான் அர்த்தம். சீனக் குதிரையை சமஸ்கிருதக் குதிரையாக மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். இந்தக் குடும்பத்துக்கு நிறம் மாறுவது புதிதல்ல என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது பாருங்கள்.

ஆனால் கட்சியைத் தொடங்கியது இந்தக் குடும்பம் இல்லை. பாங்காக்கில் பகோன்யோதின் சாலையை ஒட்டி ராஜக்ரு என்று ஒரு சோய், நம் பாஷையில் சந்து. அங்கே குடியிருந்த பின் சுன்ஹவான் 1947 ராணுவப் புரட்சியை நடத்திய தளபதி. அவருடைய ஒரு மருமகன் பாவ் ஸ்ரீயானோன், நாடே நடுங்கிய போலீஸ் தலைவர். இன்னொரு மருமகன் பிரமான் அதிரேக்சான், ஜவுளித் தொழிலதிபர். மகன் சாத்திச்சாய். 1957இல் தளபதி சரித் வந்து இந்தக் கூட்டத்தை வெளியே தள்ளினார். பாவ் சுவிட்சர்லாந்துக்குப் போனார், சாத்திச்சாயைத் தூதராக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். 1973 அக்டோபரில் மாணவர் எழுச்சி ராணுவ ஆட்சியைக் கவிழ்த்ததும், அடுத்த வருடமே இந்தக் கூட்டம் தொடங்கிய கட்சிதான் சாத் தாய். மாணவர்கள் ரத்தம் சிந்தித் திறந்த கதவில் முதலில் நுழைந்தவர்களில் பழைய தளபதி வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. நுழைந்த கையோடு 'வலது இடதை வீழ்த்தட்டும்' என்று கோஷமும் போட்டார்கள். அந்தக் கோஷத்துக்குச் சொந்தக்காரர் பிரமான்.

1988இல் 87 இடங்கள் வாங்கி சாத்திச்சாய் பிரதமரானார். இந்தோசீனப் போர்க்களங்களைச் சந்தைகளாக்குவோம் என்றார், ஆக்கவும் ஆரம்பித்தார். நல்ல கொள்கை என்றே நான் நினைக்கிறேன். கூடவே அவருடைய மந்திரிசபைக்குப் பத்திரிகைகள் 'பஃபே' என்று பெயர் வைத்தன. தட்டை எடுத்துக்கொண்டு அவரவருக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். 1991 பிப்ரவரி 23 அன்று பாங்காக்கின் டோன் முவாங் விமான நிலையத்தில் அவர் ஏறியிருந்த விமானத்திலேயே ராணுவம் அவரைப் பிடித்து உட்கார வைத்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். தன் பிரதமரைக் கவிழ்த்த ராணுவத்தோடு அதே கட்சி ஓராண்டிலேயே கூட்டு சேர்ந்தது! தலைவராக வந்தவர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற சோம்பூன் ராஹோங். சாத்திச்சாய் வெளியேறி 'சாத் பத்தனா' என்று தனிக்கட்சி கண்டார். (இன்றைய சாத் தாய் பத்தனா வேறு, அது வேறு. குழம்ப வேண்டாம், அந்த ஊர்க்காரர்களே குழம்புகிறார்கள்.) 1992 மே மாதம் பாங்காக் தெருக்களில் ராணுவம் சுட்டது, பிரதமர் நாற்காலியில் இருந்த தளபதி சுச்சிந்தா விலகினார். அந்த நாட்களில் மக்கள் கட்சிகளை 'தேவர்கள்', 'மாரர்கள்' என்று இரண்டாகப் பிரித்துப் பேசினார்கள். புத்தரைச் சோதித்தானே, அந்த மாரன். சாத் தாய் எந்தப் பக்கம் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆனாலும் எண்ணிக்கை மாரர்கள் பக்கம் இருந்தது. அடுத்த பிரதமர் சோம்பூன்தான் என்று முடிவாயிற்று. 1992 ஜூன் 10, அரச ஆணையைப் பெற்றுக்கொள்ள வெள்ளைச் சீருடை அணிந்து பதக்கங்களோடு வீட்டில் காத்திருக்கிறார் மனிதர். வாசலில் நிருபர்கள் கூட்டம். அங்கே அவைத்தலைவர் ஆர்த்தித் உராய்ராத் கடைசி நேரத்தில் அரசரிடம் சமர்ப்பித்த பெயரோ முன்னாள் பிரதமர் ஆனந்த் பன்யாரச்சுன். கல்யாண வீட்டில் பட்டு வேட்டி கட்டி மாலையோடு நின்ற மாப்பிள்ளையிடம், பெண்ணுக்கு வேறு இடத்தில் தாலி கட்டியாயிற்று என்று சொன்ன மாதிரி. வெள்ளைச் சீருடையில் காத்திருந்து ஏமாந்த கதை அங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கப்படுகிறது.

இனி பன்ஹார்ன். வராவுத், காஞ்சனா இருவரின் அப்பா. என் பதிவின் நாயகன், வில்லன், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

1932இல் சுபன்புரியில் பிறந்தவர். சுபன்புரி என்றால் சுவர்ணபுரி. பாங்காக்குக்கு வடமேற்கே நெல் வயல் சூழ்ந்த மாகாணம். 1593இல் நரேசுவன் மன்னர் பர்மிய இளவரசரோடு யானை மேல் நின்று பொருதியதாகச் சொல்லப்படும் டோன் செடி அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெருமையைத் தவிர ஒன்றுமில்லாத ஊர், சாலை மோசம், பாங்காக் போய்ச் சேரவே பெரும்பாடு. அங்கிருந்து பிழைக்கப் போன கடைக்காரர் மகன் கட்டுமான ஒப்பந்தங்களில் பணம் பார்த்தார். தேர்தலில் நிற்பதற்கு முன்பே சொந்த ஊரில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். 1976இல் எம்.பி. ஆனார். அதன் பிறகு விவசாயம், போக்குவரத்து, உள்துறை, நிதி என்று அவர் உட்காராத நாற்காலி குறைவு.

அவருடைய உண்மையான பலம் அமைச்சர் பதவிகூட இல்லை. நாடாளுமன்றத்தின் பட்ஜெட் ஆய்வுக் குழுவில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். எந்தத் துறையில் எவ்வளவு பணம் இருக்கிறது, எந்த வரியில் ஒளிந்திருக்கிறது, எந்த அதிகாரியைப் பிடித்தால் நகரும் என்பது அத்துப்படி. விளைவு, சுபன்புரிக்குப் போகும் 340ஆம் எண் நெடுஞ்சாலை. சாலை திடீரென்று நன்றாக ஆகிவிட்டால் சுபன்புரி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். ஊர் நடுவே 123 மீட்டர் உயரக் கோபுரம், பெயர் பன்ஹார்ன்-ஜாம்சாய். ஜாம்சாய் அவருடைய மனைவி. அதே பெயரில் வரிசையாகப் பள்ளிக்கூடங்கள். நாட்டு மக்கள் அந்த மாகாணத்துக்கே 'பன்ஹார்ன்புரி' என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

பாங்காக் பத்திரிகைகள் இவரை விட்டு வைக்கவில்லை. 'நடமாடும் ஏடிஎம்' என்றன. எந்தப் பிடியிலும் வழுக்குவார் என்பதால் 'ஸ்கேட் கட்டிய விலாங்கு' என்றன. கேலி நியாயமானதுதான். ஓட்டுக்குப் பணம், கூட்டணிக்குப் பணம் என்ற கலாச்சாரத்தின் அடையாள முகம் அவர். ஆனால் சுபன்புரியில் போய்த் தங்கி ஆராய்ந்தவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். அந்த மக்கள் காசுக்காக மட்டும் போடவில்லை. எங்கள் ஊரைப் பட்டிக்காடு என்று சிரித்தவர்கள் இப்போது எங்கள் சாலையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள் என்ற ரோஷத்தில் போடுகிறார்கள். வேலைத்தளத்துக்கு முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்று அதிகாரிகளை வறுத்தெடுக்கும் எம்.பி.யை வேறெந்த மாகாணம் கண்டது?

எனக்கு இரண்டும் உண்மையாகவே படுகிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. சுபன்புரிக்கு வந்த தார் எல்லாம் வேறெங்கோ போடாத தார். சுபன்புரியைவிட ஏழ்மையான வடகிழக்கு மாகாணங்கள் இல்லையா? அவர்களுக்கு பட்ஜெட் குழுவில் ஒரு பன்ஹார்ன் இல்லை, அவ்வளவுதான் குற்றம்.

1995 ஜூலையில் 92 இடங்களோடு இவரே பிரதமரானார். கட்சி தொட்ட உச்சம் அதுதான். கிராமம் ஆட்சியை ஏற்றும், பாங்காக் இறக்கும் என்ற அந்நாட்டு விதி இவருக்கும் நடந்தது. கூட்டாளிகள் ஊழலில் மாட்டினார்கள், வங்கி ஒன்று கவிழ்ந்தது, 1996 செப்டம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம். முதுகலைப் பட்ட ஆய்வேட்டைக் காப்பியடித்தார் என்பதிலிருந்து அவர் அப்பாவின் குடியுரிமை வரை அவையில் கிழித்தார்கள். ராஜினாமா செய்கிறேன் என்று கூட்டணிக் கட்சிகளுக்கு வாக்குக் கொடுத்து ஓட்டெடுப்பில் தப்பினார். பிறகு ராஜினாமா செய்யாமல் அவையைக் கலைத்தார்! விலாங்கு என்ற பெயர் சும்மா வரவில்லை. நவம்பர் தேர்தலில் 92 என்பது 39 ஆனது.

இந்தக் கேலிக்கூத்து ஆட்சியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அதை அவருடைய எதிரிகள் சொல்வதில்லை. அரசியல் சீர்திருத்தம் செய்வேன் என்று தேர்தலில் வாக்குறுதி கொடுத்திருந்தார். தம்பி சும்போனை அந்தக் குழுவுக்குத் தலைவராக்கினார். அரசியல் சட்டத்தின் 211ஆம் பிரிவைத் திருத்தி, புதிய சட்டம் எழுத 99 பேர் கொண்ட தனி அவைக்கு வழிவிட்டார்கள். அதில் பிறந்ததுதான் 'மக்கள் அரசியல் சட்டம்' என்று புகழப்பட்ட 1997ஆம் ஆண்டுச் சட்டம். அது பெரிய கட்சிகளை வளர்க்க விரும்பியது. கட்சிப் பட்டியலில் இடம் வேண்டுமானால் 5 சதவீத ஓட்டு வேண்டும் என்றது. 2001இல் தாய் ராக் தாய் கட்சித் தலைவர் தக்சின் அந்தச் சட்டத்தின் மேல் ஏறி, பிரதமராகி, நாட்டையே வாரிக்கொண்டார். சாத் தாய் அந்த 5 சதவீதத்தை ஒருவழியாகத் தாண்டி 41 இடத்தோடு நின்றது. பன்ஹார்ன் திறந்துவிட்ட மதகில் அவருடைய வயலே மூழ்கியது. தெரிந்து செய்தாரா என்று கேட்டால், அன்றைய நெருக்கடிக்கு ஏதோ செய்தார் என்பதே என் கணிப்பு.

அதிலிருந்து இது சின்னக் கட்சி. சின்னக் கட்சி ஆன பிறகுதான் கெட்டிக்காரத்தனம் கூடியது. எதிர்க்கட்சியாக இருந்தால் வாய் வறண்டு பட்டினி கிடக்க வேண்டியதுதான் என்று ஒரு வாசகம் அந்நாட்டு அரசியலில் உண்டு. இந்தக் கட்சித் தலைவர்களின் வாயில் வந்ததாகவே எல்லாரும் சொல்வார்கள். 2008 டிசம்பர் 2 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் தக்சின் ஆதரவுக் கட்சியோடு சேர்த்து சாத் தாயையும் கலைத்தது. நிர்வாகி ஒருவரின் தேர்தல் முறைகேட்டுக்கு மொத்த நிர்வாகக் குழுவுக்கும் 5 ஆண்டுத் தடை. பன்ஹார்னுக்கு, வராவுத்துக்கு எல்லாருக்கும்தான். எம்.பி.க்கள் சாத் தாய் பத்தனா என்ற பலகைக்குக் கீழே போய் உட்கார்ந்தார்கள். இரண்டே வாரத்தில் தக்சின் எதிர்ப்பு அணியின் அபிசித்தைப் பிரதமராக்கினார்கள். தடையில் சிக்காத தம்பி சும்போன் சுற்றுலா, விளையாட்டு அமைச்சர்.

2011இல் தக்சினின் தங்கை யிங்லக் ஜெயித்தார். சாத் தாய் பத்தனாவுக்கு 19 இடம். அந்த மந்திரிசபையில் சுற்றுலா, விளையாட்டு அமைச்சர் யார் என்கிறீர்கள்? சும்போன் சில்ப-ஆச்சா. நடுவில் 2010இல் பாங்காக் தெருக்களில் தொண்ணூறு பேருக்கு மேல் செத்திருந்தார்கள், தக்சின் பக்கம் சிவப்புச் சட்டை, எதிர்ப்பக்கம் மஞ்சள் சட்டை என்று நாடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவர் மேசையை மாற்ற வேண்டிய அவசியம்கூட வரவில்லை. 2013 ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே காலமானார். அண்ணன் 2016 ஏப்ரலில்.

கொள்கையே இல்லாத கட்சி என்று இதை எழுதுபவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. அதன் கொள்கை சுபன்புரி. அது ஒன்றுதான், ஆனால் அதில் பிசகியதே இல்லை. கொள்கை வைத்திருந்த பெரிய கட்சிகளின் கதியைப் பாருங்கள். தாய் ராக் தாய் 2007இல் கலைப்பு, எதிர்கால முன்னேற்றக் கட்சி 2020இல், அதன் வாரிசான மூவ் ஃபார்வர்டு 2024 ஆகஸ்டில். ராணுவமும் நீதிமன்றமும் எந்த வீட்டை இடிப்பது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் தெருவில், உயரமாகக் கட்டாதவன் பிழைக்கிறான். நாணல் என்று புகழ மனம் வரவில்லை. நாணல் வளைகிறது, சரி, வெள்ளத்துக்கு வழி காட்டுவதும் அதுவாக இருந்தால்?

2019இல் காஞ்சனா தலைமையில் 10 இடம், 2014இல் ராணுவப் புரட்சி நடத்திப் பிரதமரான முன்னாள் தளபதி பிரயுத்தின் கூட்டணி. 2023 மே மாதம் வராவுத் தலைமையில் மறுபடி 10. அந்தத் தேர்தலில் 151 இடம் வாங்கி முதலில் வந்தது மூவ் ஃபார்வர்டு.

ஜூலை 2ஆம் தேதி முத்துராஜா சியாங் மாயில் இறங்கியபோது வராவுத் பிரயுத்தின் காபந்து அரசில் சுற்றுச்சூழல் அமைச்சர். ஜூலை 13 அன்று மூவ் ஃபார்வர்டு தலைவர் பிதா லிம்ஜரோன்ராத்தைப் பிரதமராக்க ஓட்டெடுப்பு. சாத் தாய் பத்தனாவின் ஓட்டு அவருக்கு விழவில்லை, அவர் பெரும்பான்மை கிடைக்காமல் 324 ஓட்டில் நின்றுவிட்டார். ஆகஸ்ட் 22இல் தக்சின் தரப்பின் ஸ்ரெத்தா பிரதமர். செப்டம்பர் 5ஆம் தேதி புது மந்திரிசபை பதவியேற்றது, வராவுத் சமூக மேம்பாட்டு அமைச்சர். அப்போது லம்பாங் யானை மருத்துவமனையில் முத்துராஜாவின் மடங்காத முன்னங்காலுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.