சி மொழியில்தான் தொடங்க வேண்டுமா?

"சி மொழியைக் கற்காமல் பைத்தானில் தொடங்குபவருக்கு நிரலாக்கத்தின் அடிப்படை விளங்காது, எல்லோரும் சியில்தான் தொடங்கினார்கள்" என்று கணினி நிரல் எழுதக் கற்பது பற்றிய விவாதத்தில் ஒருவர் எழுதியிருப்பது வரலாற்றுப்படி சரியன்று. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி, யூனிக்ஸ் இயங்குதளப் பணிகளுக்கான கருவியாகப் பிறந்ததே தவிர, பயிற்றுமொழியாக அன்று. கற்பிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட பேசிக் 1964-லும் பாஸ்கல் 1970-லும் வந்துவிட்டன. பலர் அவற்றில்தான் முதல் நிரலை எழுதினார்கள்.

மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் மாறி, நிபந்தனை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் மடக்கு, ஒரு வேலைக்கான வரிகளைத் தொகுத்துப் பெயரிட்ட செயற்கூறு ஆகியவையே முதலில் பிடிபட வேண்டியவை. இவை சி, பைத்தான் ஆகிய இரு மொழிகளிலும் உண்டு. ஆனால் சியில் வழக்கமான முறையில் ஓர் எண்ணை உள்ளீடாகப் பெறுவதற்கே மாறி நினைவகத்தில் இருக்கும் இடத்தின் முகவரியைத் தர வேண்டியிருக்கிறது. ஒரே வகை மதிப்புகளை வரிசையாக வைக்கும் அணியின் எல்லையைத் தாண்டி எழுதினால், எச்சரிக்கை ஏதுமின்றி நிரல் தவறான விடையோடு ஓடிக்கொண்டிருக்கவும் கூடும். பைத்தானோ, பட்டியலில் இல்லாத இடத்தைத் தொட்டவுடன் வரி எண்ணோடு பிழையைக் காட்டி நின்றுவிடும். தனியாகக் கற்பவருக்கு இது சிறிய உதவியன்று.

உண்மையில், மொழித் தேர்வைவிடப் பயிலும் முறைக்கே கூடுதல் கவனம் தேவை (இந்த விவாதங்களில் அதைத்தான் யாரும் பேசுவதில்லை). ஒரு சிறு நிரலை இயக்குமுன் அதன் வெளியீட்டைத் தாளில் ஊகித்து எழுதி, பிறகு இயக்கி ஒப்பிட்டு, ஒரு வரியை மாற்றி மீண்டும் ஊகித்துப் பார்ப்பவர், காணொளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவரைவிட உறுதியாகக் கற்கிறார். கருவிகளுக்குள் பொருத்தப்படும் சிறு கணினிச் சில்லுகளான நுண்கட்டுப்படுத்திகளில் பணிபுரிவதே நோக்கமென்றால் சியில் தொடங்குவது பொருத்தமானதே. அதை எல்லோருக்குமான நிபந்தனையாக்குவதைத்தான் மறுக்கிறேன்.